காகிள்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ட்ரோனைக் கேளுங்க!

காலை முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பு. பொண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே நிற்கவைத்து, மரங்களுக்கு நடுவே ட்ரோனை விட்டு ஒரே ஷாட்டில் எடுத்துவிட வேண்டும் என்பது வீடியோகிராபரின் ஆசை. அதற்காகவே புதிதாக காகிள்ஸ் வாங்கி வந்திருக்கிறார். ட்ரோனை ஆன் பண்ணுகிறார், காகிள்ஸை மாட்டுகிறார். திரையில் ஒன்றுமே இல்லை. மறுபடி ஆஃப், மறுபடி ஆன். அப்போதும் இருட்டு.

"அண்ணே, ட்ரோனும் அதே கம்பெனி, காகிள்ஸும் அதே கம்பெனி. அப்புறம் ஏண்ணே படம் வரல?" என்று கேட்கிறார் உதவிக்கு வந்த தம்பி. அண்ணனிடம் பதில் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், காகிள்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். டி.வி வாங்குவதுபோல திரை எத்தனை பிக்ஸல், விலை எவ்வளவு, ஆஃபர் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். காகிள்ஸ் விஷயத்தில் அந்த வரிசையே தப்பு. முதலில் ட்ரோன், அடுத்து உங்கள் கண், அதற்கடுத்து நீங்கள் பறக்கவிடும் இடம். விலை கடைசியில்தான். ஏன் அப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காகிள்ஸ் என்ன செய்கிறது?

சாதாரண கேமரா ட்ரோனை ரிமோட்டில் இருக்கும் திரையையோ, அதில் மாட்டிய செல்போனையோ பார்த்து ஓட்டுகிறோம். தலையை நிமிர்த்தினால் வானமும் ட்ரோனும் தெரியும். எஃப்.பி.வி, அதாவது ஃபர்ஸ்ட் பெர்சன் வியூ என்பது வேறு அனுபவம். ட்ரோனின் கேமரா பார்ப்பது நேராக உங்கள் கண்ணுக்கு முன்னால் விரிகிறது. பைலட் சீட்டில் நீங்களே உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு. ஜன்னல் வழியாக நுழைவது, மரங்களுக்கு நடுவே வளைந்து போவது, ஓடும் பைக்கைத் துரத்துவது போன்ற ஷாட்கள் பெரும்பாலும் இப்படி எடுக்கப்படுபவைதான்.

காகிள்ஸுக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ட்ரோன் அனுப்பும் வீடியோ சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர், அதைக் காட்டும் திரை, அந்தத் திரையைக் கண்ணுக்குத் தெளிவாக்கும் லென்ஸ். கடையில் பெரும்பாலும் திரையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால், படம் வருமா வராதா என்பதை முடிவு செய்வது ரிசீவர். வந்த படம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியுமா என்பதை முடிவு செய்வது லென்ஸ்.

முதல் கேள்வி: உங்கள் ட்ரோன் எது?

ட்ரோன் பேசும் மொழியை காகிள்ஸ் புரிந்துகொள்ள வேண்டும். டி.ஜே.ஐ, வாக்ஸ்நெயில், ஹெச்.டி.ஜீரோ ஆகிய மூன்றும் தனித்தனி டிஜிட்டல் முறைகள். பழைய அனலாக் முறை நான்காவது. ஒன்றின் சிக்னலை மற்றொன்றின் ரிசீவர் அப்படியே பிடிக்காது. அனலாக்கில் மட்டும் ஒரு வசதி உண்டு. 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் ரிசீவர் உள்ள எந்த கம்பெனி காகிள்ஸும், அதே அலைவரிசையில் அனுப்பும் எந்த கம்பெனி ட்ரோனோடும் சேரும்.

சரி, ஒரே கம்பெனி என்றால் சேர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. கேமரா ட்ரோன் வைத்திருப்பவர்களில் பலர் டி.ஜே.ஐ பயன்படுத்துவதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2021-ல் டி.ஜே.ஐ எஃப்.பி.வி ட்ரோனோடு வந்தது காகிள்ஸ் வி2. 2022-ல் முதல் அவாட்டாவோடு வந்தது காகிள்ஸ் 2. 2023-ல் இன்டெக்ரா, 2024 ஏப்ரலில் அவாட்டா 2-வோடு காகிள்ஸ் 3, அதே ஆண்டு நவம்பரில் என்3. இவற்றில் வி2-வை மினி 4 ப்ரோவோடு இணைக்க முடியாது. ஆனால், காகிள்ஸ் 2, இன்டெக்ரா இரண்டும் மினி 4 ப்ரோவோடு சேரும். மினி 2 வைத்திருக்கிறீர்களா? அது இந்த காகிள்ஸ் எதனோடும் சேராது. நம்ம தென்னந்தோப்பு அண்ணனுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

அதனால், கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ட்ரோன் கம்பெனியின் இணையதளத்தில் எந்த ட்ரோனோடு எந்த காகிள்ஸ், எந்த ரிமோட் சேரும் என்ற பட்டியல் இருக்கும். உங்கள் ட்ரோனின் முழுப்பெயரை அதில் தேடுங்கள். மினி 4 ப்ரோவும் மினி 4கே-வும் ஒன்றல்ல. சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் பிறகு சேர்க்கப்படும் மாடல்களும் உண்டு என்பதால், பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல் இன்றைய பட்டியலைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். மினி 4 ப்ரோ போன்ற கேமரா ட்ரோனில் காகிள்ஸ் மாட்டினால் காட்சி மாறும், ட்ரோன் மாறாது. அது நிதானமாகப் பறக்கும், ஜிம்பல் வைத்த கேமரா ட்ரோனாகவேதான் இருக்கும். குட்டிக்கரணம் அடிக்காது. அந்த மாதிரி ஷாட்தான் வேண்டும் என்றால் எஃப்.பி.வி-க்கென்றே செய்யப்பட்ட ட்ரோன் வேண்டும். காகிள்ஸுக்குக் காசு கொடுக்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அனலாக்கா, டிஜிட்டலா?

அனலாக் படம் பழைய டி.வி தரத்தில்தான் இருக்கும். பி.ஏ.எல் முறையில் அதிகபட்சம் 720×576. மெல்லிய மரக்கிளையும் மின்கம்பியும் அதில் சரியாகத் தெரியாது. ஆனாலும் அனலாக்கை இன்னும் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம், விலை குறைவு. ட்ரோன் சின்னதாக, லேசாக இருக்கலாம். சிக்னல் குறையும்போது படத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி விழும். அந்தக் காலத்தில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் டி.வி-யில் வருமே, அதே 'மழை'தான். "திரும்பி வா" என்று அது முன்கூட்டியே எச்சரிக்கும்.

டிஜிட்டல் படம் பளிச்சென்று இருக்கும். டி.ஜே.ஐ-யின் இன்றைய காகிள்ஸ்களில் 1920×1080 பிக்ஸல் கிடைக்கிறது. ஆனால், சிக்னல் கைவிடும்போது கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து நின்றுவிடவும் கூடும். நீங்கள் பார்ப்பது உறைந்த படம். ட்ரோன் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஹெச்.டி.ஜீரோ இதில் ஒரு நடுவழி. படம் டிஜிட்டல், தாமதம் மிகக் குறைவு. அதனால் ரேஸ் ஓட்டுகிறவர்களிடம் அதற்குத் தனி மரியாதை உண்டு.

கல்யாணம், ரிசார்ட், விளம்பரம் என்று வீடியோ எடுப்பது உங்கள் நோக்கம் என்றால் டிஜிட்டல்தான் சரி. கம்பியும் கிளையும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ட்ரோன் தப்பிக்கும். மொட்டைமாடியில் சின்ன ட்ரோனை ஓட்டிப் பழக வேண்டும், கீழே விழுந்தாலும் பரவாயில்லை என்றால் அனலாக் போதும்.

அனலாக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மரியாதை விதி. பக்கத்தில் வேறு யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால், அவர் எந்த சேனலில் இருக்கிறார் என்று கேட்காமல் உங்கள் ட்ரோனுக்கு பேட்டரி மாட்டாதீர்கள். இரண்டும் ஒரே சேனலாக இருந்தால், காற்றில் இருக்கும் அவருடைய படம் சட்டென்று மறைந்து உங்கள் ட்ரோனின் படம் அவர் கண்ணில் தெரியும். அவருடைய ட்ரோன் அதோடு போச்சு!

கண்ணுக்கும் கைக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

கேமரா பார்த்த காட்சி உங்கள் கண்ணுக்கு வந்துசேர ஆகும் நேரத்தை லேட்டன்ஸி என்கிறார்கள். நாம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். இதை மில்லி செகண்டில் சொல்வார்கள். ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தது ஒரு செகண்ட்.

காகிள்ஸ் 3-ஐ அவாட்டா 2-வோடு சேர்த்தால் குறைந்தபட்சம் 24 மில்லி செகண்ட் என்கிறது நிறுவனம். சாதாரண கேமரா ட்ரோனை ரிமோட் திரையில் பார்த்து ஓட்டும்போது சுமார் 120 மில்லி செகண்ட் ஆகலாம். கேட்க இரண்டுமே கண் சிமிட்டும் நேரம்தான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ட்ரோன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 16.7 மீட்டர் தாண்டும். 24 மில்லி செகண்டில் 40 சென்டிமீட்டர். 120 மில்லி செகண்டில் 2 மீட்டர். அதாவது, மரம் 2 மீட்டர் தள்ளி இருப்பதாக நீங்கள் பார்க்கும்போது ட்ரோன் ஏற்கெனவே மரத்தில் மோதியிருக்கும்.

"செல்போனை வி.ஆர் பெட்டிக்குள்ள போட்டு ஓட்டலாமே?" என்று சிலர் கேட்கலாம். அப்படிக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவுக்கு மேலேயிருந்து ஊரைக் காட்ட அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால், அந்தத் தாமதத்தை வைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஓட்டுவது வேண்டாத வேலை.

பவர் கண்ணாடி போடுபவரா நீங்கள்?

பலரும் வாங்கிய பிறகுதான் யோசிக்கும் விஷயம் இது. இரண்டு எண்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம். கண்ணாடிக் கடைகளில் பி.டி என்பார்கள், காகிள்ஸ் பெட்டியில் ஐ.பி.டி என்று போட்டிருக்கும். பெரியவர்களில் பலருக்கு இது 60 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கண்ணாடி செய்யும் கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். காகிள்ஸ் 2, இன்டெக்ரா, காகிள்ஸ் 3 மூன்றும் 56 முதல் 72 மில்லிமீட்டர் வரை ஒத்துப்போகும். வி2-வில் 58 முதல் 70 வரைதான். உங்கள் அளவு இதற்கு வெளியே இருந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் படம் ஓரத்தில் மங்கலாகவோ இரண்டாகவோ தெரியும். அரை மணி நேரத்தில் தலைவலி வரும்.

இரண்டு, உங்கள் பவர். சில காகிள்ஸ்களில் லென்ஸைத் திருகி பவரை மாற்றிக்கொள்ளலாம். காகிள்ஸ் 2-வில் +2 முதல் -8 வரை, காகிள்ஸ் 3-ல் +2 முதல் -6 வரை. உங்களுக்கு -7 என்றால் பழைய மாடலே பொருந்தும், புதியது பொருந்தாது. 'லேட்டஸ்ட்' என்பதே 'பெஸ்ட்' இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இன்டெக்ராவிலும் வி2-விலும் இப்படித் திருகும் வசதி இல்லை. தனியாக லென்ஸ் வாங்கிப் பொருத்த வேண்டும்.

பவர் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஒரு எண் எழுதியிருக்கிறதா? திருகும் லென்ஸ் அதைச் சரிசெய்யாது. சிலிண்டர் பவர் கணிசமாக உள்ளவர்கள், அளவு கொடுத்துச் செய்யும் லென்ஸைப் பொருத்த இடம் உள்ள காகிள்ஸையோ, கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டும் பெட்டி வடிவ காகிள்ஸையோதான் பார்க்க வேண்டும். என்3 அப்படிக் கண்ணாடியோடு மாட்டுவதற்கு இடம் விட்டுச் செய்யப்பட்டது. உங்கள் கண்ணாடி ஃப்ரேம் அகலமாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். கண்ணாடி உள்ளே உரசினால் இரண்டு லென்ஸிலும் கீறல் விழும்.

மாட்டிப் பார்க்கும்போது நடுவில் இருக்கும் அழகான காட்சியில் மயங்கிவிடாதீர்கள். நான்கு மூலைகளிலும் பேட்டரி, சிக்னல், உயரம் என்று குட்டிக் குட்டி எண்கள் இருக்கும். தலையைத் திருப்பாமல் அவற்றைப் படிக்க முடிகிறதா? அதுதான் சரியான சோதனை.

தியேட்டரில் எந்த வரிசை?

ஃபீல்ட் ஆஃப் வியூ என்று டிகிரியில் ஒரு எண் போட்டிருப்பார்கள். திரை கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதன் அளவு அது. காகிள்ஸ் 2-வில் 51 டிகிரி, காகிள்ஸ் 3-ல் 44, என்3-ல் 54.

பெரிய எண்தானே நல்லது என்று தோன்றும். தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் திரை பிரமாண்டம், ஆனால் கழுத்து வலிக்கும், ஓரத்தில் நடப்பது தெரியாது. கடைசி வரிசையில் முழுத் திரையும் தெரியும், ஆனால் நாமே உள்ளே இருப்பதுபோல இருக்காது. ஓட்டிப் பழகியவர்கள் பலரும் நடு வரிசையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 40-களின் நடுவிலிருந்து 50 டிகிரி வரை பெரும்பாலானவர்களுக்கு வசதியாக இருக்கும்.

பெட்டியா, பைனாகுலரா?

வடிவத்தில் காகிள்ஸ் இரண்டு ஜாதி. பெட்டி வடிவத்தில் ஒரே பெரிய திரை, முன்னால் ஒரு பெரிய லென்ஸ். விலை குறைவு, கண்ணாடியோடு மாட்டலாம், கண் தூரக் கவலையும் குறைவு. ஆனால் முகத்துக்கு முன்னால் பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும். பழகுகிறவர்களிடம் பிரபலமான அனலாக் காகிள்ஸ் ஈச்சைன் இவி800டி இந்த வகைதான். 5 அங்குலத் திரை, 800×480 பிக்ஸல். டி.ஜே.ஐ-யில் என்3 இந்த வகை.

பைனாகுலர் வடிவத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிக் குட்டித் திரை. படம் கூர்மை, உருவம் சிறிது, விலை அதிகம். ஃபேட் ஷார்க், ஸ்கைஜோன் போன்றவை பேர் வாங்கியது இதில்தான்.

எடையையும் கவனியுங்கள். காகிள்ஸ் 2 சுமார் 290 கிராம், ஆனால் பேட்டரி தனியாகப் பாக்கெட்டில் இருக்கும். நடுவே ஒரு வயர் தொங்கும். பேட்டரி தலைப்பட்டையிலேயே இருக்கும் இன்டெக்ரா சுமார் 410 கிராம். காகிள்ஸ் 3 சுமார் 470, என்3 சுமார் 536. வயர் இல்லாத சுகமா, கழுத்துக்கு லேசா என்பது உங்கள் முடிவு. பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு கடையிலேயே நடந்து பாருங்கள். மூக்கின் மேல் வலிக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

நம்ம ஊர் வெயில்

காகிள்ஸின் பெரிய எதிரி சூரியன். லென்ஸ் மேலே பார்த்தபடி மொட்டைமாடிக் கட்டையிலோ கார் டேஷ்போர்டிலோ வைத்துவிட்டுப் போனால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோல வெயில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். ஒரு நிமிட அலட்சியம் போதும். கழற்றியதும் லென்ஸைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் மூடி போடுங்கள். பையே சிறந்தது.

அடுத்தது வியர்வை. கடலோர ஊர்களில் மாட்டிய இரண்டு நிமிடத்தில் லென்ஸ் பனி படிந்ததுபோல் ஆகிவிடலாம். உள்ளே காற்றாடி உள்ள மாடலாகப் பாருங்கள். நெற்றியில் படும் ஸ்பான்ஜ் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி போதும்.

தலை சுத்துதே!

முதல் தடவை மாட்டும்போது குமட்டல் வருவது சகஜம். உடம்பு நின்றுகொண்டிருக்கிறது, கண் மட்டும் பறக்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பிவிடுகிறது. மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது வரும் அதே மயக்கம்தான்.

முதல் சில நாட்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். குமட்ட ஆரம்பித்தால் 'பழகிடும்' என்று பல்லைக் கடிக்காமல் ட்ரோனை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். ட்ரோன் வாங்கும் முன்பே லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன் போன்ற கம்ப்யூட்டர் சிமுலேட்டர்களில் ஓட்டிப் பழகினால் கை பழகும், பணமும் மிஞ்சும். சிமுலேட்டரில் நூறு தடவை மரத்தில் மோதினாலும் செலவு பூஜ்யம்.

பக்கத்துல யார் நிக்கிறாங்க?

காகிள்ஸ் விளம்பரங்கள் அதிகம் பேசாத விஷயம் இது. காகிள்ஸை மாட்டிய நொடியிலிருந்து நீங்கள் ட்ரோன் பார்ப்பதை மட்டும்தான் பார்க்கிறீர்கள். ட்ரோனுக்குப் பின்னால் என்ன வருகிறது, பக்கவாட்டில் கழுகு வருகிறதா, பந்தல் ஓரமாக ஒரு குழந்தை ஓடிவருகிறதா, எதுவுமே தெரியாது. உங்கள் காலடியில் இருக்கும் கிணறுகூடத் தெரியாது!

அதனால் பக்கத்தில் ஒருவர் வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பொழுதுபோக்குக்காக எஃப்.பி.வி ஓட்டுகிறவர் பக்கத்திலேயே, அவரோடு நேரடியாகப் பேசும்படி ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ சொல்கிறது. நமக்கும் அது நல்ல பாடம். நிற்பவருக்கு ட்ரோன் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. "அண்ணே, இடது பக்கம் கம்பி", "ஆள் வருது, நிறுத்துங்க" என்று சத்தமாகச் சொல்லத் தெரிந்தால் போதும். செல்போன் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது கூடுதல் தகுதி.

காகிள்ஸ் 2, காகிள்ஸ் 3 போன்றவற்றில் முன்பக்கக் கேமரா இருக்கிறது. அதன் வழியாகக் கழற்றாமலே சுற்றுப்புறத்தைப் பார்க்கலாம். ரிமோட்டை எடுக்க, பேட்டரி மாற்ற அது பெரிய வசதி. ஆனால் பக்கத்தில் நிற்கும் தம்பிக்கு அது மாற்று அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

காகிள்ஸுக்கென்று தனி லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ஆனால் பறப்பது ட்ரோன் என்பதால் ட்ரோன் விதிகள் 2021 உங்களுக்கும் பொருந்தும். எடை 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ட்ரோனுக்கும், வணிகம் அல்லாத மைக்ரோ ட்ரோனுக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனில் கல்யாணம் எடுத்துக் காசு வாங்கினால் அது வணிகம்; சான்றிதழ் வேண்டும். அவாட்டா 2-வின் எடை சுமார் 377 கிராம் என்பதால் அது மைக்ரோ. நியோ 135 கிராம், எனவே நானோ. நானோவைத் தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை எடுக்காதீர்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சள் மண்டலத்துக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி தேவை. முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் ஓர் இடத்தைத் தற்காலிகமாகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்கவும் விதியில் இடம் உண்டு. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. ராணுவம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. இதனால் "ட்ரோனும் காகிள்ஸும் சேர்ந்த காம்போ, ஃபாரின்ல இருந்து வருது" என்று யாராவது ஆசை காட்டினால் பில், வாரன்ட்டி, சர்வீஸ் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் யோசியுங்கள்.

பழசு வாங்கலாமா?

வாங்கலாம். அனலாக் காகிள்ஸில் பலரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் உங்கள் ட்ரோனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே இணைத்துப் படம் வருகிறதா என்று பாருங்கள். முழு வெள்ளைக் காட்சியில் கரும்புள்ளியோ பழுப்புத் திட்டோ தெரிந்தால், அது வெயிலில் பொசுங்கிய திரையாக இருக்கலாம், வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா, ஆன்டெனா மாட்டும் இடம் ஆடுகிறதா, காற்றாடி ஓடுகிறதா என்றும் பாருங்கள். ரெக்கார்டிங் வேலை செய்கிறதா என்பது ரொம்ப முக்கியம். காகிள்ஸில் பதிவாகும் வீடியோ கல்யாண ஆல்பத்துக்கு உதவாது. ஆனால் ட்ரோன் புதருக்குள் விழுந்துவிட்டால், கடைசி சில நொடிகளை ஓட்டிப் பார்த்துத்தான் தேட முடியும்.

யாருக்கு எது?

* சும்மா பழகிப் பார்க்க: பெட்டி வடிவ அனலாக் காகிள்ஸ், சின்ன ட்ரோன், அதற்கு முன் சிமுலேட்டர்.
* பவர் கண்ணாடி போடுபவர், சிலிண்டர் பவரும் உண்டு: கண்ணாடியோடு மாட்டும் மாடல். டி.ஜே.ஐ ட்ரோன் என்றால், உங்கள் ட்ரோன் பட்டியலில் இருக்கும் பட்சத்தில் என்3. இதன் விலை வெளியானபோது காகிள்ஸ் 3-இல் பாதிகூட இல்லை.
* கல்யாண, விளம்பர வீடியோ தொழில்: ட்ரோனோடு சேரும் டிஜிட்டல் காகிள்ஸ். அருகில் இருப்பவருக்குப் படத்தைச் செல்போனில் காட்டும் வசதி இருந்தால், "இன்னும் கொஞ்சம் கீழே" என்று இயக்குநர் அங்கேயே சொல்லலாம்.
* ஏற்கெனவே கேமரா ட்ரோன் மட்டும் வைத்திருப்பவர்: அது பட்டியலில் இல்லையென்றால் காகிள்ஸுக்காகப் பணம் சேர்க்காதீர்கள். ரிமோட் திரையிலேயே நல்ல ஷாட் எடுக்கலாம்.

பணம் கொடுக்கும் முன்...

1. என் ட்ரோனின் முழுப்பெயர் நிறுவனத்தின் இன்றைய பட்டியலில் இருக்கிறதா?
2. என் கண் தூரமும் பவரும் இந்த மாடலின் அளவுக்குள் வருகிறதா?
3. மூலையில் இருக்கும் எண்களைப் படிக்க முடிகிறதா?
4. பத்து நிமிடம் மாட்டியும் மூக்கு, கழுத்து வலிக்கவில்லையா?
5. பில், வாரன்ட்டி, கூடுதல் பேட்டரி கிடைக்குமா?
6. நான் பறக்கவிடும்போது பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறதா?

ஆறுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாக வாங்குங்கள். முதல் கேள்விக்கே 'இல்லை' என்றால் மற்ற ஐந்தையும் பார்க்க வேண்டியதே இல்லை.

அந்தத் தென்னந்தோப்புக்கே திரும்புவோம். அண்ணன் காகிள்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ரிமோட் திரையைப் பார்த்தபடி ட்ரோனை மரங்களுக்கு மேலே ஏற்றுகிறார். பொண்ணும் மாப்பிள்ளையும் கையசைக்கிறார்கள். ஷாட் அழகாகவே வருகிறது. அடுத்த சீசனுக்குள் சரியான ஜோடியை வாங்கிவிடலாம். ஆனால் ஒரு விஷயம் அன்றும் மாறப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பறக்கும் அண்ணனுக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்துகொண்டு அந்தத் தம்பி நின்றாக வேண்டும்.